மெமோ கையில் வந்தால்

(ஓசூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று உங்கள் முன் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அரைப் பக்கக் காகிதம்தான். ஷிப்டு முடிந்து வெளியே கிளம்பும் நேரத்தில் டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "இதிலே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று நீட்டுவார்களே, அந்தக் காகிதம். மெமோ என்கிறோம், சார்ஜ் ஷீட் என்கிறோம்.

இதைக் கண்டதும் ஒரு தோழர் ஆத்திரப்பட்டு அங்கேயே கிழித்துப் போடுகிறார். இன்னொரு தோழர், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கண்முன் வந்து நிற்க, சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல "இனி இப்படி நடக்காது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். இருவருமே நிர்வாகத்தின் வேலையைச் சுலபமாக்குகிறார்கள். கிழித்தவருக்கு அதே காகிதம் பதிவுத் தபாலில் வரும். "வாங்க மறுத்தார்" என்று சாட்சி வைத்து எழுதிக்கொள்வார்கள். அவர் இல்லாமலே விசாரணை நடக்கும். மன்னிப்பு எழுதியவருக்கோ விசாரணையே தேவைப்படாது. அவர் கையெழுத்தே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

வேலைநீக்க வழக்கு லேபர் கோர்ட்டில் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான அபிப்பிராயம். காகிதம் கைக்கு வந்த நிமிஷத்திலேயே வழக்கு தொடங்கிவிடுகிறது. அன்றைக்கு எழுதாததையும், விசாரணையில் கேட்காமல் விட்டதையும், பின்னால் எப்பேர்ப்பட்ட வக்கீலாலும் சரிக்கட்டுவது கஷ்டம்.

காகிதமே இல்லாத காலம் ஒன்றும் இருந்தது. தளி, சூளகிரி பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். தஞ்சைப் பண்ணைகளில் மிராசுதாருக்குக் கோபம் வந்தால் சாட்டையடியும் சாணிப்பாலும்தான் தண்டனை. குற்றம் சாட்டியவரும் அவரே, விசாரித்தவரும் அவரே, தண்டித்தவரும் அவரே. கன்னட நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றுச் சேரி சேரியாக நடந்த தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடி ஸ்தாபனத்தைக் கட்டிய பிறகே அது ஒழிந்தது. 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் விரட்ட முடியாது, தகராறு வந்தால் சமரச அதிகாரியிடம் போகலாம் என்ற நிலைமை ஏற்பட்டது.

ஆலைகளிலும் இதே கதைதான். மேஸ்திரியின் வாயே சட்டமாக இருந்தது. 1946ல் நிலையாணைகள் சட்டம் வந்தது; பொன்மலையில் ரயில்வே தொழிலாளிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான அதே வருஷம். நாடெங்கும் வேலைநிறுத்தம் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது வந்த சட்டம் அது, யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. ஷிப்டு எத்தனை மணி, லீவு எப்படி, எது எது ஒழுங்கீனம், அதற்கு என்ன தண்டனை, தண்டனைக்கு முன் என்ன விசாரணை என்பதையெல்லாம் முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும். சர்க்கார் அதிகாரி அதைப் பரிசீலித்துச் சான்றளிக்க வேண்டும். சங்கமும் ஆட்சேபணை சொல்லலாம். ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே ஒட்ட வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நமது ஓசூரில் ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். எந்த மொழியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் ஆலையில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் மானேஜர் அறைப் பீரோவுக்குள்தான் ஒட்டியிருக்கிறது. (சிரிப்பு)

இனிக் காரியத்துக்கு வருவோம்.

காகிதத்தை வாங்குங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அங்கே எழுத வேண்டாம். "மேற்படி விஷயம் உண்மை" என்று ஏற்கனவே அச்சடித்திருந்தால் அதன் கீழே கையெழுத்து வேண்டாம். வாங்கியதற்கு மட்டும் தனியாகப் போடுங்கள். பிறகு படியுங்கள். என்ன தேதி, என்ன நேரம், எந்த இடம், என்ன செய்ததாகச் சொல்கிறார்கள், நிலையாணையின் எந்த ஷரத்து? "நீ ஒழுங்கீனமாக நடந்துகொண்டாய்" என்று மொட்டையாக இருந்தால் அது குற்றச்சாட்டே அல்ல. எந்தச் செயலைச் சொல்கிறீர்கள், யார் புகார் கொடுத்தது, அதன் நகல் எங்கே என்று எழுத்தில் கேட்க வேண்டும். கெடு போதாவிட்டால் கூடுதல் அவகாசமும் எழுத்தில் கேளுங்கள். பதில் தமிழில் எழுதலாம். கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள்; கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன மெமோதானே என்று பதில் போடாமல் விடுவது நம்மவர்களிடம் உள்ள பெரிய பலவீனம். பாரத் போர்ஜ் வழக்கைச் சொல்கிறோம். ஒரு தொழிலாளி 1983 ஆகஸ்டில் ஒரு நாள், பகல் 11.40 மணிக்கு வேலையிடத்தில் இரும்புத் தகட்டின் மேல் தூங்கினார் என்று நீக்கினார்கள். தூங்கியதற்கா வேலை போவது என்று நமக்குத் தோன்றும். லேபர் கோர்ட்டுக்கும் தண்டனை அதிகம் என்றுதான் தோன்றிற்று. ஆனால் 2005ல் சுப்ரீம் கோர்ட் நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. முன்பு மூன்று தடவை நடவடிக்கைக்கு உள்ளானவர் என்பது அவருக்கு எதிராக நின்றது. இந்தத் தீர்ப்பு நமக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் கோர்ட்டு எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்று பதில் இல்லாமல் போகும் சின்னக் காகிதம், பத்து வருஷம் கழித்துப் பைலிலிருந்து எழுந்து வந்து பேசும்.

அடுத்தது சஸ்பென்ஷன். விசாரணை முடியும்வரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இதன் நோக்கம் பல சமயம் விசாரணை அல்ல, பட்டினி. பட்டினி போட்டால் தொழிலாளி தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான் என்பது கணக்கு. அதனால்தான் பிழைப்பூதியம் என்ற ஒன்றைச் சட்டம் வைத்தது. முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம்; அதற்குமேல் இழுத்தால், தாமதம் தொழிலாளியால் ஏற்படவில்லையென்றால், 75 சதம். தமிழ்நாட்டில் 1981ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 180 நாளுக்கு மேல் முழுச் சம்பளம் என்றது. இப்போதைய மத்திய தொகுப்புச் சட்டமோ 75 சதத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் சஸ்பென்ஷனிலிருந்து சாதாரணமாக 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாநிலச் சட்டத்தையும் காட்டிக் கேட்பதை நாம் விட்டுவிடக் கூடாது.

இந்தப் பிழைப்பூதியத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதைக் காட்டிய வழக்கு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் வழியாகப் போனால் கோலார் தங்கவயல். நமது பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கி உழைத்த ஊர். 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒருவரின் வீட்டில் 1985 ஜூனில் போலீசார் சோதனை போட்டு, 4.5 கிராம் தங்க உருண்டையும் தங்கம் கலந்த மணலும் எடுத்ததாகச் சொன்னார்கள். உடனே சஸ்பென்ஷன். ஒரு பக்கம் கிரிமினல் வழக்கு, இன்னொரு பக்கம் கம்பெனி விசாரணை. பிழைப்பூதியம் ஒரு காசு தரவில்லை. அவர் கேரளத்துக்காரர். கையில் பணமில்லாமல் ஊருக்குப் போய்விட்டார், உடம்பும் சரியில்லை. விசாரணையைத் தள்ளி வைக்கும்படி எழுதினார். கம்பெனி கேட்கவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி 1986 ஜூனில் டிஸ்மிஸ் செய்தது. 1987 பிப்ரவரியில் கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. சோதனையே நிரூபணமாகவில்லை என்றது. ஆனாலும் கம்பெனி வேலை தரவில்லை.

1999 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? சாப்பாட்டுக்கே வழியில்லாமல் ஆக்கிவிட்டு, விசாரணைக்கு வந்து வாதாடு என்பது நியாயமல்ல; பிழைப்பூதியம் தராததால் அவரால் வர முடியாமல் போயிற்று, ஆகவே அந்த விசாரணை செல்லாது. கோர்ட் எந்த சாட்சிகளை நம்பவில்லையோ அதே சாட்சிகளை வைத்து உள்விசாரணை மட்டும் குற்றம் நிரூபணம் என்பதும் செல்லாது. வேலையும் கொடு, சஸ்பெண்டு செய்த நாளிலிருந்து முழுப் பாக்கியும் கொடு என்று உத்தரவாயிற்று.

அவர் அதிகாரி, நாம் தொழிலாளிகள். ஆனாலும் நமக்குப் பயன்படுவது இது: அவர் சும்மா இருக்கவில்லை. பணமில்லை, வர முடியவில்லை, தள்ளி வையுங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதம் பைலில் இருந்தது. பதினாலு வருஷம் கழித்து அதுதான் பேசிற்று. எழுதாமல் வீட்டில் படுத்திருந்தால் "வேண்டுமென்றே வரவில்லை" என்று முடித்திருப்பார்கள்.

விசாரணை அறைக்குள் போவோம். ஒரு மேஜை. அந்தப் பக்கம் என்கொயரி ஆபீசர்; பெரும்பாலும் கம்பெனி கூலி கொடுத்து அமர்த்திய வக்கீல். அவரைப் பார்த்தவுடனே "இது நாடகம், என்ன பேசி என்ன ஆகப் போகிறது" என்று தொழிலாளி மனமொடிந்து போகிறார். நாடகம்தான். ஆனால் நாடகத்தின் வசனத்தை ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், நாளைக்கு டிரிபியூனல் படிக்கப் போவது அந்த வசனத்தை.

குற்றம் சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் சாட்சிகள் முதலில் பேச வேண்டும். நமக்கு எதிரிலே பேச வேண்டும். நாம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எடுத்த எடுப்பில் தொழிலாளியை உட்கார வைத்து "நீ அன்றைக்கு என்ன செய்தாய், சொல்" என்று கேட்கத் தொடங்கினால் அது விசாரணை அல்ல. 1963ல் சுப்ரீம் கோர்ட் அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே வருஷம் வடக்கே மீங்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கும் வந்தது. மானேஜரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினார்கள் என்பது தொழிலாளிகள் மேல் புகார். விசாரித்தவர்கள் யார்? அந்தச் சம்பவத்துக்குச் சாட்சிகளான வெள்ளைக்கார அதிகாரிகளே! ஒரு சாட்சியையும் தொழிலாளிக்கு முன்னால் கூப்பிடவில்லை. இப்படி நடந்தது விசாரணையே அல்ல என்று கோர்ட் தள்ளிற்று. ஆகவே உங்கள் மேல் புகார் எழுதிய அதே அதிகாரி விசாரணை நாற்காலியில் உட்கார்ந்தால், அன்றே, அந்த இடத்திலேயே ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள்.

துணைக்கு யார் வரலாம்? எப்போதும் எழும் கேள்வி இது. சங்கத் தலைவரைக் கூட்டிவருவது இயற்கையாகவே உள்ள உரிமையல்ல, நிலையாணையில் இருந்தால் உண்டு என்று 1960லேயே டாடா லோகோமோட்டிவ் வழக்கில் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் ஆலை ஆணையைப் படியுங்கள். பல ஆணைகளில் உடன் வேலை செய்யும் ஒருவரையோ சங்க நிர்வாகியையோ வைத்துக்கொள்ள ஷரத்து இருக்கிறது. எதிர்த்தரப்பில் சட்டம் படித்தவரை நிறுத்தினால் நமக்கும் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். பம்பாய்த் துறைமுக வழக்கில் அது ஏற்கப்பட்டது.

விசாரணை நடவடிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். "எனக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள், நான் சொன்னதைத் தமிழிலேயே எழுதுங்கள்" என்று கேளுங்கள். நம் பக்கத்து ஆலையில் வேலை செய்யும் ஒடிசாப் பையனுக்கும் இதே உரிமை உண்டு. அவன் இந்தியில் கேட்கட்டும். அவனுக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். அவனுக்கு இங்கே சொந்தபந்தம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் நகலும் அன்றன்றே வாங்குங்கள். தராவிட்டால், தரவில்லை என்பதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முடிவில் என்கொயரி ஆபீசர் அறிக்கை எழுதுவார். அதன் நகலைத் தொழிலாளிக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே தண்டனை கொடுக்கலாம். சர்க்கார் ஊழியருக்கு மட்டுமல்ல, தனியார் ஆலைக்கும் இது பொருந்தும் என்பது 1993ல் வந்த தீர்ப்பு. அதே வருஷம் இன்னொரு முக்கியத் தீர்ப்பும் வந்தது. எட்டு நாள் சொல்லாமல் வராவிட்டால் பெயர் தானாகவே நீங்கிவிடும் என்று சில ஆணைகளில் ஷரத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? அப்படி ஒரு தொழிலாளியின் பெயரை அடித்துவிட்டார்கள். நான் தினமும் வந்தேன், வாசலில் தடுத்தார்கள் என்றார் அவர். விசாரிக்காமல் பெயரை அடிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் கொடுத்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போய்க் காய்ச்சலில் விழுந்து பத்தாம் நாள் திரும்பும் தோழர்கள் இதை நினைவில் வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு வாசலில் நின்று, உள்ளே விடவில்லை என்று அன்றே தபால் போடுங்கள்.

விசாரணையே நடத்தாவிட்டாலும் நிர்வாகம் முழுசாகத் தோற்றுவிடாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. டிரிபியூனல் முன்பு வந்து சாட்சி கொடுத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். ஆனால் தண்டனை மிகையென்றால் குறைத்து, வேலைக்குத் திரும்ப எடு என்று சொல்லும் அதிகாரம் 1971லிருந்து தொழில் நீதிமன்றங்களுக்கு உண்டு. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது.

புதிய சட்டம் என்றோம். 2020ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்குக் கொண்டு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தைத்தான் சொல்கிறோம். 2025 ஜூலை 9ந் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தோமே, அதில் எதிர்த்த சட்டங்களில் இதுவும் ஒன்று. இதில் நமக்கு நேரடியாக விழுந்த அடி என்ன? பழைய மத்திய சட்டப்படி 100 தொழிலாளிகள் இருந்தால் நிலையாணை கட்டாயம். இப்போது 300 இருந்தால்தான். ஓசூரின் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனையில் 300 பேர் இருக்கிறார்கள்? எது ஒழுங்கீனம், எப்படி விசாரணை என்று எழுதி வைக்கும் கடமையிலிருந்தே அந்த முதலாளிகளை விடுவித்தாயிற்று. மேஸ்திரியின் வாய் மறுபடியும் சட்டமாவதற்கு வாசல் திறந்திருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்பும் காலமும் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. எந்த ஆலையானாலும் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்கிறார்கள்.

ஆனால் வேலைநீக்கத்தை எதிர்த்துச் சமரச அதிகாரியிடம் போகும் உரிமை 300க்குக் கீழேயும் உண்டு. சங்கம் இல்லாத தனித் தொழிலாளிக்கும் உண்டு. 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் மேலே போகலாம். தகராறு ஒன்று நிலுவையில் இருக்கும்போது, அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியை ஒழுங்கீனம் என்று நீக்கினால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அனுமதிக்கு மனுவும் போட வேண்டும். போடாவிட்டால் நீக்கமே செல்லாது என்று 2002ல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்.

புதிய சட்டத்தில் நமக்கு மிச்சம் உள்ள இன்னொரு பிடி, குறை தீர்க்கும் கமிட்டி. 20 பேர் இருந்தாலே அமைக்க வேண்டும். மொத்தம் 10 பேருக்கு மேற்படாமல், நிர்வாகத்துக்குப் பாதி, நமக்குப் பாதி. பெண் தொழிலாளிகளின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். குறை ஏற்பட்ட ஒரு வருஷத்துக்குள் மனு. 30 நாளில் முடிவு. தொழிலாளர் தரப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒப்பாமல் எடுத்த முடிவு முடிவே அல்ல. திருப்தியில்லையென்றால் 60 நாளுக்குள் சங்கத்தின் மூலம் சமரச அதிகாரியிடம். முதலாளி தன் ஆட்களையே "தொழிலாளர் பிரதிநிதி" என்று போட்டுவிடுவார் என்பது நமக்குத் தெரியாததல்ல. அங்கேதான் சங்கத்துக்கு வேலை. கக்கூசில் தண்ணீர் இல்லை, பஸ் இல்லை, ஓவர்டைம் கணக்கு வரவில்லை என்பதையெல்லாம் கான்டீனில் புலம்பித் தீர்ப்பதை விட்டு, இந்தக் கமிட்டியில் மனுவாகக் கொடுத்துத் தேதி முத்திரை வாங்குவது ஒரு பழக்கமாக வர வேண்டும்.

2025 நவம்பரில் நாகமங்கலம் பக்கம் நடந்ததை இங்கே பலர் நேரில் பார்த்தீர்கள். பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் காமிரா இருந்தது தெரிய வந்ததும், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த அந்தச் சகோதரிகள் இரவில் வெளியே வந்து உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் செய்தது சரி. 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கக் கமிட்டி இருக்க வேண்டும் என்ற சட்டம் 2013லேயே வந்தது. மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை. உங்கள் ஆலையில் அந்தக் கமிட்டியில் யார் யார் என்று ஒரு பெண் தொழிலாளிக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சங்கம் வைத்தால் மெமோ வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளிகள் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்த மாதமே நிர்வாகிகள் மூவருக்கு சஸ்பென்ஷன்; எதிர்த்து உட்கார்ந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை இருபதைத் தாண்டிற்று. காகிதம் எப்போது வருகிறது என்பதிலிருந்தே எதற்காக வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்தச் சூழ்நிலையைப் பதிலிலேயே எழுதி வையுங்கள்: சங்கத்தில் சேர்ந்தது இந்தத் தேதி, மெமோ வந்தது இந்தத் தேதி என்று.

பூப்பண்ணைத் தோழர்கள், எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கக் கூடும். ரோஜாக் கூடாரத்தில் கம்பெனி நடத்துகிறவர், இது விவசாயம், தொழில் சட்டம் இங்கே செல்லாது என்பார். 1963ல் ஹரிநகர் கரும்புப் பண்ணை வழக்கில், ஆலைக்காகக் கம்பெனி நடத்தும் பண்ணை தொழில்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே "விவசாயம்" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து திரும்பி வர வேண்டியதில்லை. வருகைச் சீட்டு, கூலிச் சீட்டு, பாங்கில் பணம் வந்த கணக்கு எதையும் கிழித்துப் போடாதீர்கள். கான்ட்ராக்ட் தோழர்களும் அப்படியே. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்ததைக் காட்டினால் நிரந்தரம் கேட்க 1981ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த நாட்களைக் காட்டுவதற்கு இந்தச் சீட்டுகள்தான்.

எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வீடு ஓசூரில் இருந்தாலும் ஆலை கர்நாடகத்தில் இருந்தால் சமரச அதிகாரியும் அங்கேதான். இங்கே மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்து கெடுவை விட்டுவிடக் கூடாது. அந்தப் பக்கத்துச் சங்கத் தோழர்களின் விலாசம் நம்மிடம் இருக்கிறது.

இப்போது கையில் மெமோ வைத்திருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். ஒவ்வொன்றாகப் படித்து, பதிலை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். யாருக்கு நாளையோடு கெடு முடிகிறதோ அவர் முதலில் வரட்டும்.